பஞ்சாலையின் வெள்ளை அணுக்கள்

ஊசி என்றால் பஞ்சாலைக்கு ஆகாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட, தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிற டிரசர் வந்த அன்று, அவள் சன்னல் வழியாகக் குதித்து ரப்பர் மரங்களுக்குள் ஓடி ஒளிந்துகொண்டாள். அங்கே மரத்துப் பால் எடுத்துக்கொண்டிருந்த அம்மா முத்தாயிதான் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். அப்படிப்பட்டவள் வளர்ந்தபின் அண்ணனுக்காக இடுப்பெலும்பில் ஒருமுறை, இரண்டு கைகளிலுமாக ஒருமுறை, தடித்த ஊசிகளுக்கு உடம்பைக் கொடுத்தாள். சுங்கை மெராந்தித் தோட்டத்தில் அதை நேரில் அறிந்தவர்கள்கூடச் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்தித்தான் சொல்வார்கள்.

தோட்டம் கோலா கிளாவாங் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. முத்தாயிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் ராமகிருஷ்ணன் பாகாவ் பக்கம் எண்ணெய் ஆலை வேலைக்குப் போய்விட்டான். நடுவில் ஆறுமுகம். கடைசி பஞ்சாலை. அப்பா காலமானபோது அவள் பள்ளியில் படிவம் மூன்றில், ஒன்பதாம் வகுப்பில், இருந்தாள். அதற்குமேல் படிப்பு ஓடவில்லை. ஆறுமுகம் அம்மாவோடு பால்வெட்டுக்கு நின்றுகொள்ள, பஞ்சாலை செனவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனாள். பூதக்கண்ணாடிக் கருவியில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமயிரைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டுகிற வேலை. கை நடுங்கக்கூடாது, தும்மக்கூடாது. அவள் ஒட்டியது திரும்பி வந்ததில்லை என்று மேற்பார்வையாளர் மற்றவர்களிடம் சொல்வாராம். லோபாக்கில் மூன்று பெண்களோடு ஒரு வாடகை வீட்டில் தங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக்கு வந்துபோனாள்.

ஆறுமுகத்துக்கு நோய் வந்தது தொண்ணூற்று நான்காம் ஆண்டு. கழுத்தில் நெறி கட்டியது. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. டிரசர் டானிக் கொடுத்தார். மாதம் ஒன்று கழிந்து, படுத்தால் மூச்சே விட முடியாமல் போன பிறகுதான் சிரம்பானுக்கும் அங்கிருந்து கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். இரத்தப் புற்றுநோய் என்றார்கள். அதிலும் டி அணு என்கிற ஒருவகை வெள்ளை அணுவில் தொடங்கிய புற்று. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, நோய் அடங்கியது. பிறகு திரும்பியது. மறுபடியும் மருந்தால் அடக்கிவிட்டு, கூடப் பிறந்தவர்களின் எலும்பு மச்சை பொருந்துமா என்று சோதித்தார்கள். ராமகிருஷ்ணனுக்குப் பொருந்தவில்லை. பஞ்சாலைக்கு அப்படியே பொருந்தியது.

அவள் மச்சை கொடுத்தபின் ஆறுமுகம் எட்டு மாதம் நன்றாக இருந்தான். பிள்ளை பிழைத்துவிட்டான் என்று முத்தாயி கோயிலுக்குப் பொங்கல்கூட வைத்தாள். அதன்பிறகு ஒரு வழக்கமான சோதனையில், கெட்ட அணுக்கள் மூன்றாம் தடவையாகத் தலைகாட்டின.

அன்று ஆறுமுகத்தைக் கவனித்துவந்த டாக்டர் சொக்கப்பன் அண்ணனையும் தங்கையையும் தம் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். சிரம்பானில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் குடும்பத்துப் பிள்ளை அவர். தமிழ் கொஞ்சம் புத்தகத் தமிழாக இருக்கும்.

"மருந்தால் இனி ஆகாது. ஆறுமுகம், உங்கள் உடம்பு தாங்காது. இன்னொரு வழி இருக்கிறது. இங்கே நமக்குப் புதுசு. உங்கள் தங்கையின் இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்து உங்களுக்கு ஏற்றுவது. அவைதான் மருந்து."

"ரத்தமே மருந்தா?" என்றாள் பஞ்சாலை.

"இரத்தத்தில் இருக்கிற காவல்தான் மருந்து. நோயை அடிப்பது உடம்பின் காவல் படை. இவருடைய படைக்குக் கெட்ட அணு எது, நல்ல அணு எது என்று தெரியவில்லை. எல்லாம் சொந்த முகமாகத் தெரிகிறது."

பஞ்சாலை சற்று யோசித்தாள்.

"எங்க தோட்டத்துல பால்வெட்ட மேற்பாக்குற மண்டோர் மாதிரி, டாக்டர். மரத்தக் காயம் பண்ணி வெட்டுனாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. எல்லாம் மாமன் மச்சான். வேற தோட்டத்து மண்டோரு ஒருநா வந்து பாத்தாருன்னா அன்னிக்குத்தான் அத்தன பேரு வேலையும் வெளிய வரும்."

"அதேதான். நீங்கள் வேறு தோட்டத்து மண்டோர்."

"அந்த மண்டோரு நல்லா வெட்டுறவனையும் சேத்துத் திட்டுவாரு," என்றான் ஆறுமுகம்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அதுதான் ஆபத்து. உங்கள் தங்கையின் அணு உங்கள் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியம் என்று அடிக்கலாம். கொஞ்சம் அடித்தால் நல்லது. வேலை நடக்கிறது என்று அர்த்தம். மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. தோலில் சிவப்பு வரும், வயிற்றால் போகும், கண் மஞ்சளாகும். எது வந்தாலும் அன்றைக்கே இங்கே வந்துவிட வேண்டும். வாரா வாரம் சோதனைக்கும் வர வேண்டும்."

இருவரும் தலையாட்டினார்கள்.

அணுக்களைப் பிரிக்கிற இயந்திரத்தின் பக்கத்தில் பஞ்சாலையைப் படுக்க வைத்தார்கள். ஒரு கையிலிருந்து இரத்தம் போய், இயந்திரத்தில் சுற்றி, மறு கை வழியாகத் திரும்பி வந்தது. இரண்டு கையையும் மடக்கக்கூடாது. மூக்கு அரித்தால் தாதிதான் சொறிந்துவிட வேண்டும். பாதியில் உதடு மரத்துப்போயிற்று. உடம்பில் சுண்ணாம்புச் சத்து குறைகிறது, பயப்படாதே என்று தாதி ஒரு மாத்திரையைக் கடித்து மெல்லக் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டே படுத்திருந்த பஞ்சாலை, முடிந்ததும் முதல் கேள்வியாக, "எவ்ளோ எடுத்தீங்க?" என்று கேட்டாள். தாதி ஒரு சிறிய பையைத் தூக்கிக் காட்டினாள். வெளிறிய ரோஜா நிறத்தில் கொஞ்சம் திரவம்.

"இவ்ளோதானா? இதுக்கா இந்தப் பாடு?"

"இதுக்குள்ள கோடிக்கணக்குல இருக்குலா," என்றாள் தாதி.

அந்தப் பை அன்றைக்கே ஆறுமுகத்தின் உடம்பில் இறங்கியது. அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. காய்ச்சல்கூட இல்லை. மறுவாரம் வந்தபோதும் அதற்கு மறுவாரமும் ஒன்றுமில்லை. வேறு தோட்டத்து மண்டோர் தூங்குகிறார் போலும் என்று அவன் தங்கையைச் சீண்டினான்.

"இரு, எழுந்திரிச்சான்னா தெரியும் ஒனக்கு," என்றாள் அவள்.

அந்த மாதம் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், அம்மை பரவியிருந்தது. கோயில் பூசாரி சன்னாசி வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகளுக்கும் போட்டிருந்தது. அதைக் கேட்டதும் பஞ்சாலை அண்ணனை வெளியே விடாதே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் லோபாக்குக்குத் திரும்பினாள்.

சில நாள் கழித்து வாடகை வீட்டுச் சொந்தக்காரரின் தொலைபேசிக்கு முத்தாயியிடமிருந்து அழைப்பு வந்தது. தோட்டத்தில் லெட்சுமியின் மளிகைக் கடையில் மட்டும்தான் தொலைபேசி. அதில் பேசுகிற யாரும் மெதுவாகப் பேசியதில்லை.

"பஞ்சால! இந்த வாரம் வீட்டுக்கு வராத. ஆத்தா வந்திருக்கா."

"யாருக்கு?"

"அண்ணனுக்குத்தான். ஒடம்பெல்லாம் செவப்பா. வேப்பிலை கட்டிட்டேன். நீ நாலு எடம் போயி வாரவ, உள்ள வரக்கூடாது. மூணு தண்ணி ஊத்தினப்பறம் வா."

"ஆஸ்பத்திரிக்கு?"

"ஆத்தா இருக்கிற ஒடம்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாங்களாடி? மருந்து மாத்திரை எல்லாத்தயும் எடுத்து மேல வச்சிட்டேன். ஒண்ணும் பயமில்ல, அவ கொடுக்கிறவதான்."

பஞ்சாலை சரி என்றுவிட்டாள். இதில் அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. அம்மை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை, மருந்து கொடுப்பதில்லை, வெளியிலிருந்து வருபவர் நுழைவதில்லை என்பதைக் கேட்டு வளர்ந்தவள். லயத்தில் அம்மை இருப்பதையும் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். லோபாக்கில் இருந்தபடியே அவளும் மீனை நிறுத்திவிட்டு, காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

"அங்க அம்மைன்னா இங்க ஏன் நீ தயிர்சோறு திங்கற?" என்று கூட இருந்த பெண்கள் கேலி செய்தார்கள்.

"வாய மூடிட்டு ஒங்க மொளகாச் சம்பலத் தள்ளி வச்சித் தின்னுங்கடி. வாசம் இழுக்குது."

வாரச் சோதனை நாள் வந்து கடந்துபோனது. முதல் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று கேட்க மறுநாள் மாலை கடைக்குப் பேசினாள். லெட்சுமியே எடுத்தாள்.

"எங்க ஊத்தறது? ஆத்தா எறங்கவே மாட்டேங்கறாளே. சன்னாசி பேரனுங்களுக்குக் கொப்புளம் காஞ்சி உதுந்துபோச்சி. ஒங்கண்ணனுக்கு இன்னும் செவந்துகிட்டே வருது."

"கொப்புளத்துல தண்ணி கோத்திருக்கா அக்கா?"

"கொப்புளமா? கொப்புளமெல்லாம் இல்ல. வெந்துபோன மாதிரி இருக்குன்னு ஒங்கம்மா அழுவுது. உள்ளங்கையி, உள்ளங்காலு, காது, எல்லாம் நெருப்புல காட்டுன மாதிரி. கீழ கால ஊனமுடியல. வயித்தால வேற போவுது. ஆத்தா கோவமா இருக்கான்னு பூசாரி சொல்றாரு."

தொலைபேசியை வைத்துவிட்டுப் பஞ்சாலை அங்கேயே நின்றாள். டாக்டர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவுக்கு வந்தது. மாரியம்மன் யாரையும் உள்ளங்கையில் தொட்டு அவள் கேட்டதில்லை. மறுநாள் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, விடிந்ததும் முதல் பேருந்தில் கிளம்பினாள். வளைந்து வளைந்து ஏறும் அந்த மலைப்பாதையில் வழக்கமாக அவளுக்கு வாந்தி வரும். அன்று அதுகூட வரவில்லை.

தோட்டத்து முச்சந்தியில், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்த சந்திரனின் வேனைக் கை காட்டி நிறுத்தினாள். சந்திரன் ஆறுமுகத்தோடு படித்தவன்.

"வேனத் திருப்பு. அண்ணனக் கோலாலம்பூர் கொண்டுபோவணும்."

"அம்மை போட்டிருக்குன்னாங்களே! ஆத்தா ஏறுன ஒடம்ப நான் வேன்ல ஏத்துனா நாளைக்குப் பிள்ளைங்கள யாரு என் வண்டில அனுப்புவா?"

"அம்மை இல்ல. நீ வந்து பாரு. அம்மையா இருந்தா இப்படியே போயிடு."

வீட்டு வாசலில் வேப்பிலைத் தோரணம் வாடித் தொங்கியது. முத்தாயி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் பூசாரி சன்னாசி, கையில் மஞ்சள் நீர்ச் செம்போடு.

"வராதன்னு சொன்னேன்ல? அங்கேயே நில்லுடி!"

"வழி விடும்மா."

"தங்கச்சி, சபார்லா, பொறுமையா இரு," என்றார் சன்னாசி. "அவ கோவமா இருக்கற நேரம். நீ வேற வந்து கௌறாத. இன்னும் ரெண்டு நா பொறுத்துக்க, கூழ் ஊத்தி எறக்கிடலாம்."

"பூசாரி மாமா, ஒங்க பேரனுங்களுக்கு உள்ளங்கையில வந்திச்சா?"

சன்னாசி செம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டு யோசித்தார். "இல்ல," என்றார் கடைசியில்.

"வயித்தால போச்சா?"

"இல்ல."

பஞ்சாலை அம்மாவை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஆறுமுகம் வேப்பிலை பரப்பிய பாயில் கிடந்தான். மார்பும் முதுகும் செங்கல் நிறத்தில் இருந்தன. கையை விரிக்க முடியாமல் விரல்களை மடக்கி வைத்திருந்தான். தங்கையைப் பார்க்கக் கண்ணைத் திறந்தான். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது.

"மண்டோரு எழுந்திரிச்சிட்டாரு போலிருக்கு," என்றான். உதடு வெடித்திருந்ததால் சொல் தெளிவாக வரவில்லை.

பின்னாலேயே வந்த முத்தாயி அழத் தொடங்கினாள். "ஆத்தாவப் போயி..."

"அம்மா, இது ஆத்தா இல்ல. நான்." பஞ்சாலை திரும்பி அவள் தோளைப் பிடித்தாள். "என் ரத்தத்துலேருந்து எடுத்து ஏத்துனாங்கல்ல, அதும்மா. அவன் ஒடம்புல ஏறி நின்னு ஆடிட்டிருக்கறது நான்தான். டாக்டரு சொன்னாரு, இப்படி வரும், வந்தா ஒடனே ஓடியான்னு."

முத்தாயி மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சாமியாடுகிறவர்களைப் பார்க்கிற பார்வை அது.

"நீயா?"

"நான்தான்."

"அப்ப எறங்குடி!" என்று அலறினாள் முத்தாயி. "அண்ணன்டி அவன்! எறங்குடி!"

பஞ்சாலை அவள் தோளை விடவில்லை. "எறங்கத்தாம்மா அங்க கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

வாசலிலிருந்து எட்டிப் பார்த்த சந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஆறுமுகத்தின் கால்பக்கம் பாயைப் பிடித்தான். தலைப்பக்கத்தைப் பஞ்சாலை பிடித்தாள். முத்தாயி தோரணத்திலிருந்து ஒரு கொத்தை ஒடித்து மடியில் செருகிக்கொண்டு வேனில் முதலில் ஏறினாள். "நானும் வரேன். அவ கோவிச்சா என்னயக் கோவிக்கட்டும்," என்று சன்னாசியிடம் சொன்னாள். அவர் செம்பிலிருந்த நீரை வேன் சக்கரத்தில் ஊற்றினார். அதைத் தவிர அப்போது அவரால் செய்யக்கூடியது வேறில்லை.

டாக்டர் சொக்கப்பன் உள்ளங்கைகளைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். பிறகு பஞ்சாலையை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சத்தம் போட்டார். ஏன் வரவில்லை என்று கேட்டார். அவள் சொன்னாள்.

"அம்மையாகவே இருந்தாலும் இவர் இங்கேதான் வந்திருக்க வேண்டும், அம்மா. எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பு. அம்மையே கொன்றுவிடும்."

"தெரியல, டாக்டர்."

அவர் மூச்சு விட்டுக்கொண்டார். "நானும் அதைச் சொல்லியிருக்க வேண்டும்," என்றார், குரலைத் தணித்துக்கொண்டு. "இப்போது கேளுங்கள். உங்கள் அணுக்களை அடக்க மருந்து கொடுக்கப்போகிறேன். அளவு குறைந்தால் அவை இவரைக் கொன்றுவிடும். கூடினால் அவை செத்துப்போகும். பிறகு நோயைத் தடுக்க ஆள் இருக்காது."

"நடுவுல நிறுத்த முடியாதா?"

"அதைத்தான் பார்க்கப்போகிறேன்."

அவள் வாழ்க்கையில் அதைவிட நீண்ட காலம் இருந்ததில்லை. வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். ஆறுமுகத்தின் தோல் பாம்புச் சட்டைபோல் உரிந்தது. எதைச் சாப்பிட்டாலும் வயிற்றில் நிற்கவில்லை. டாக்டர் காலையில் வந்து மருந்தைக் கூட்டுவார், மாலையில் வந்து அதையே நினைத்துக் கவலைப்படுகிறவர்போல் நிற்பார். அவன் தூங்கும் நேரங்களில் பஞ்சாலை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, சிவந்த பாதங்களைப் பார்த்தபடி, "போதும், மெதுவா. அவன இல்ல, மத்ததப் பாரு," என்று முணுமுணுப்பாள். தன்னைத்தானே அதட்டுகிற அந்தக் காட்சியைப் பார்த்துத் தாதிகள் சிரித்ததுண்டு. அவள் பொருட்படுத்தவில்லை.

முதலில் கண்ணில் மஞ்சள் வெளுத்தது. பிறகு வயிற்றுப்போக்கு நின்றது. ஒருநாள் அவன் கையை முழுதாக விரித்துக் கஞ்சிக் கிண்ணத்தை வாங்கினான். ஆனாலும் பஞ்சாலை எதிர்பார்த்தது அதை அல்ல. இரண்டு வாரம் கழித்து மச்சையை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் வராந்தா முனையிலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தார். அவ்வளவு பெரிய டாக்டர் அப்படி வருவதை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

"ஒன்றுகூட இல்லை," என்றார். "தேடித் தேடிப் பார்த்தோம். கெட்ட அணு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை."

"நான் போயிட்டேனா?"

"நீங்கள் போகவில்லை. உள்ளேதான் இருக்கிறீர்கள். மச்சை முழுக்க உங்கள் அணுதான். போகவும் கூடாது. போனால் அது திரும்பிவிடும்."

தோட்டத்துக்குத் திரும்பிய மறுவெள்ளிக்கிழமை முத்தாயி வாசலில் மணைப்பலகை போட்டாள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த நீர் ஒரு பெரிய பானையில் தயாராக இருந்தது. ஆறுமுகம் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"நீ எதுக்கு? நீ ஓரமா நில்லு," என்றாள் முத்தாயி. "பஞ்சால, வந்து உக்காரு."

"எனக்கா?"

"ஏறுனது நீதான? எறங்க வேண்டியதும் நீதான்."

சன்னாசி தம் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சாலை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். அம்மா செம்பு செம்பாக மொண்டு அவள் தலையில் ஊற்றினாள். ஒவ்வொரு செம்புக்கும், "எறங்கு, என் கண்ணு, குளுந்து எறங்கு," என்றாள். வேப்பிலை முகத்தில் ஒட்டிக்கொண்டது. பஞ்சாலை கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

பானையில் பாதி குறைந்தபோது ஆறுமுகம் அம்மாவின் கையைப் பிடித்தான். உள்ளங்கையில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்தது.

"போதும்மா. முழுசா எறக்கிடாத. கொஞ்சம் உள்ள இருக்கட்டும். டாக்டரு சொல்லியிருக்காரு."

முத்தாயி அவனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். செம்பில் இருந்ததைத் திரும்பப் பானைக்குள் ஊற்றிவிட்டு, பானையைத் தூக்கிக்கொண்டுபோய் வாசல் முருங்கைக்குக் கவிழ்த்தாள்.

"எழுந்திரு. தலையத் தொவட்டு," என்றாள். "சளி புடிச்சா தொழிற்சாலையில தும்ம விடமாட்டாங்க."